பழைய காருக்குப் பாடி கட்டியது யார்? போட்டோவைப் பார்த்துத் துப்பறியலாம், வாருங்கள்!



நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு வேடிக்கையான வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது. பக்கச் சுவர் கிடையாது. கதவும் கிடையாது. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், முன்னால் இன்ஜின், கீழே சக்கரங்கள், ஓட்டுநர் உட்கார ஓர் இருக்கை. அவ்வளவுதான்! தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலையும் காற்றையும் பொருட்படுத்தாமல் டிரைவர் அதை ஓட்டிக்கொண்டு போவார்.

அந்த எலும்புக்கூடு வண்டிக்குப் பெயர் 'சேசிஸ்'. அது கரூர் போன்ற ஊர்களில் உள்ள பாடி கட்டும் கூடங்களுக்குப் போகும். அங்கே கூரை, ஜன்னல், இருக்கை எல்லாம் பொருத்தி, பெயிண்ட் அடித்து, முழு பஸ்ஸாக வெளியே அனுப்புவார்கள். இன்ஜினையும் சேசிஸையும் செய்தது ஒரு கம்பெனி. பாடி கட்டியது இன்னொரு கம்பெனி. ஒரு பஸ்ஸுக்கு இரண்டு அப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பஸ்ஸுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு விலை உயர்ந்த கார்களும் இப்படித்தான் உருவாயின. அந்தக் காரின் பழைய போட்டோ ஒன்று கிடைத்தால், "இதற்குப் பாடி கட்டியது யார்?" என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கென்றே உலகம் முழுவதும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடியும் பொறுமையும்தான் அவர்களுடைய ஆயுதங்கள். அந்த வித்தையை இன்று நாமும் கொஞ்சம் கற்றுக்கொள்வோம்.

ஒரு கார், இரண்டு கம்பெனி

ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகாராஜாக்கள் விரும்பி வாங்கிய இங்கிலாந்து நாட்டுக் கார் அது. ஆனால் அந்தக் கம்பெனி இங்கிலாந்தில் நெடுங்காலம் வரை முழுக் காரை விற்கவே இல்லை! சேசிஸை மட்டும் விற்றது. வாங்கியவர் அதைத் தமக்குப் பிடித்த பாடி கட்டும் நிறுவனத்துக்கு அனுப்புவார். "நான்கு கதவு வேண்டும்", "மடக்கும் கூரை வேண்டும்", "உள்ளே சிவப்புத் தோல் இருக்கை வேண்டும்" என்று தம் விருப்பத்தைச் சொல்லுவார். தையற்காரரிடம் அளவு கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்வதைப் போலத்தான்.

ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி இங்கிலாந்தில் தன் பெயரில் பாடியோடு சேர்த்து விற்ற முதல் கார் 'சில்வர் டான்'. அது வெளிவந்த ஆண்டு 1949.

இப்படிப் பாடி கட்டியவர்களை 'கோச் பில்டர்' என்று அழைத்தார்கள். 'கோச்' என்றால் குதிரை வண்டி. மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே இவர்களில் பலர் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் குதிரை வண்டி செய்துகொண்டிருந்தார்கள். லண்டனில் இருந்த பார்க்கர் நிறுவனம் 1710இல் தொடங்கியது. ஹூப்பர் நிறுவனம் 1805இல் தொடங்கியது. குதிரை போய் இன்ஜின் வந்தபோது இவர்கள் தொழிலை விடவில்லை. குதிரை வண்டி செய்த அதே கைகளால் காருக்குப் பாடி கட்டினார்கள்.

அந்தக் கூடத்துக்குள் எத்தனை பேர் வேலை செய்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். தச்சர் ஆஷ் மரத்தில் சட்டம் கட்டுவார். நம் ஊரில் டிங்கரிங் வேலை என்கிறோமே, அந்த வேலை தெரிந்தவர் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்து மரச்சட்டத்தின் மேல் பொருத்துவார். குஷன் வேலைக்காரர் தோலை வெட்டித் தைப்பார். பெயிண்டர் ஒரு பூச்சு அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் பூச்சு அடிப்பார்.

இத்தனை பேர் உழைத்தும் காரின் முன்னால் மின்னுவது சேசிஸ் செய்த கம்பெனியின் பெயர்தான். பாடி கட்டிய நிறுவனத்தின் பெயர் எங்கே இருக்கும் தெரியுமா? கதவைத் திறந்தால் காலடியில், படிக்கு மேலே, ஒரு சின்னத் தகட்டில்! கதவு மூடியிருந்தால் அதுவும் தெரியாது. ஆகவேதான் பழைய போட்டோவைப் பார்த்து அந்தப் பெயரைத் தேடுகிறார்கள். மறைந்துபோன தொழிலாளிகளுக்கு அவர்களுடைய வேலைக்கான பெருமையைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி இது.

ஆறு துப்புகள்

சரி, ஒரு பழைய கார் போட்டோ உங்கள் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

துப்பு 1: முகத்தைப் பாருங்கள்

மனிதருக்கு முகம் போல, பழைய காருக்கு அதன் ரேடியேட்டர். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் அதற்குள் இருக்கும். ரோல்ஸ்-ராய்ஸ் ரேடியேட்டர் கிரேக்கக் கோயிலின் முகப்பைப் போல இருக்கும். புகாட்டி காரின் ரேடியேட்டர் குதிரை லாடம் போல இருக்கும். ரேடியேட்டர் மேல் பறக்கும் நாரை பொம்மை இருந்தால் அது ஹிஸ்பானோ-சூய்சா. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற பிரெஞ்சு விமானி கின்மேர் இருந்த விமானப் படைப்பிரிவின் சின்னம் நாரை. அவர் நினைவாக வந்ததுதான் அந்தப் பொம்மை.

ஆனால் கவனம்! முகம் சொல்வது சேசிஸ் செய்தவரின் பெயரை மட்டும்தான். பாடி கட்டியவரைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடப் பேசாது. "ரேடியேட்டரைப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டேன்" என்பவர் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்.

துப்பு 2: நம்பர் பிளேட்டைப் படியுங்கள்

இங்கிலாந்தில் 1904 ஜனவரி 1 முதல் மோட்டார் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் கட்டாயமானது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி எழுத்து. 'ஏ' என்ற ஒற்றை எழுத்து லண்டனுக்கு. 'ஏஎக்ஸ்' என்ற இரட்டை எழுத்து மான்மவுத்ஷைர் என்ற மாவட்டத்துக்கு. எழுத்தைப் படித்தால் கார் எந்த வட்டாரத்தில் பதிவானது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. சில சமயம் போட்டோ நெகடிவைத் திருப்பிவைத்துப் பிரதி எடுத்துவிடுவார்கள். அப்போது இடது வலதாகும், வலது இடதாகும். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதே தவறாகிவிடும். நம்பர் பிளேட்டில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைகீழாக இருந்தால், போட்டோ திரும்பியிருக்கிறது என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

துப்பு 3: காலத்தைக் கணக்கிடுங்கள்

கார் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தால், தேட வேண்டிய நிறுவனங்களின் பட்டியல் சுருங்கிவிடும். 1938இல் பார்க்கர் நிறுவனத்தை ஹூப்பர் நிறுவனம் வாங்கிவிட்டது. ஹூப்பரும் 1959இல் மூடப்பட்டது. 1960இல் புதிதாகச் செய்த காருக்கு ஹூப்பரின் பெயரைச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆண்டை எப்படிக் கணிப்பது? விளக்குகளைப் பாருங்கள். தொடக்க காலக் கார்களில் கார்பைடு விளக்குகள் இருந்தன. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் உண்டாகும் வாயுவில் அவை எரியும். பிறகுதான் மின்விளக்கு வந்தது.

முன் சக்கரங்களைப் பாருங்கள். அங்கே டிரம் போன்ற வட்டமான பிரேக் தெரிகிறதா? ஆரம்பக் காலக் கார்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டும்தான் பிரேக் இருந்தது. முன் சக்கர பிரேக் பரவலானது 1920களில்தான்.

மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் அதை 'ஸ்டெப்னி' என்கிறோம் அல்லவா? அந்தப் பெயரின் கதை சுவையானது. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் கடை வைத்திருந்தார்கள். 1904ஆம் ஆண்டில், பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே பிடித்து மாட்டும் மாற்றுச் சக்கரத்தை அவர்கள் உருவாக்கினார்கள். தெருவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எங்கோ இருக்கும் ஒரு தெருவின் பெயரை நம் ஊர் மெக்கானிக் கடைகளில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

துப்பு 4: உடம்பைக் கவனியுங்கள்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கதவு எத்தனை? கதவின் கீல் முன்பக்கமா, பின்பக்கமா? ஜன்னலின் மூலை கூர்மையா, வளைவா? பக்கவாட்டில் ஓடும் கோடு நேராகப் போகிறதா, சரிந்து இறங்குகிறதா? சக்கரத்துக்கு மேலுள்ள மட்கார்டு என்ன வடிவம்? ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வகுப்பில் பெயர் எழுதாத நோட்டு ஒன்று கிடந்தால், கையெழுத்தைப் பார்த்தே "இது இன்னாருடையது" என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? பாடி கட்டியவர்களுக்கும் அதுபோலக் கையெழுத்து உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹூப்பர் கட்டிய பல கார்களில், முன் சக்கரத்தின் மேலிருந்து ஒரு கோடு அலை போல இறங்கிப் பின் சக்கரம் வரை போகும். பாரிஸில் இருந்த ஃபிகோனி நிறுவனம் 1930களின் கடைசியில் கட்டிய சில கார்கள் கண்ணீர்த் துளி போல இருக்கும். பாரிஸின் லாபூர்தெத் நிறுவனம் முதல் உலகப் போருக்கு முன்பே படகு போன்ற மரப் பாடிகளைக் கட்டியது. வீமன் என்பவரின் முறையில் கட்டிய பாடி இன்னும் வித்தியாசமானது. அவர் ஒரு விமானி; 1911இல் கார்டன் பென்னட் விமானப் பந்தயத்தில் வென்றவர். அந்தக் கால விமானத்தில் மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டுவார்கள். அதே போலக் காருக்கும் மரச்சட்டத்தின் மேல் தோல் போன்ற துணியைப் போர்த்தினார். போட்டோவில் காரின் பக்கவாட்டு பளபளக்காமல் மங்கலாக இருந்தால், அது துணிப் பாடியாக இருக்குமோ என்று யோசிக்கலாம்.

துப்பு 5: காரைச் சுற்றிலும் பாருங்கள்

எல்லாரும் காரையே பார்ப்பார்கள். துப்பறிவாளர் பின்னால் இருக்கும் சுவரையும் பார்ப்பார். வேலை முடிந்ததும், வாங்கியவரிடம் ஒப்படைப்பதற்கு முன், காரைப் பக்கவாட்டில் நிறுத்திப் போட்டோ எடுத்து வைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஒரே சுவர், ஒரே தரை இரண்டு போட்டோக்களில் வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் எடுத்தவையாக இருக்கலாம். ஒன்றின் பாடியைக் கட்டியவர் யார் என்று தெரிந்தால் மற்றதற்கும் ஒரு துப்பு கிடைத்துவிடும். போட்டோவின் பின்பக்கத்தைப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஸ்டுடியோவின் முத்திரையோ, பென்சிலில் எழுதிய பெயரோ இருக்கலாம்.

துப்பு 6: ஏட்டைப் புரட்டுங்கள்

ஐந்து துப்புகளும் சேர்ந்து தருவது ஊகம்தான். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம். முடிவு சொல்ல வேண்டியது பதிவேடு. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி ஒவ்வொரு சேசிஸுக்கும் ஓர் எண் கொடுத்தது. முதலில் வாங்கியவர் யார், பாடி கட்டியவர் யார் என்பதையெல்லாம் குறித்து வைத்தது. அந்தக் குறிப்புகளை இங்கிலாந்தில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கம் பாதுகாத்து வருகிறது. போட்டோவில் தொடங்கிய தேடல், பதிவேட்டில் போய் முடிய வேண்டும்.

ஒரு துப்பு பொருந்தினால் அது சந்தேகம். மூன்று பொருந்தினால் நம்பிக்கை. பதிவேடும் ஒப்புக்கொண்டால்தான் உண்மை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிப் பேயை விசாரிப்போம்

இப்போது ஓர் உண்மையான காரை எடுத்துப் பயிற்சி செய்வோம். உலகத்திலேயே அதிகமாகப் போட்டோ எடுக்கப்பட்ட பழைய கார்களில் அதுவும் ஒன்று.

ரேடியேட்டர் கிரேக்கக் கோயில் வடிவம். ஆக, சேசிஸ் ரோல்ஸ்-ராய்ஸ். நம்பர் பிளேட்டில் 'ஏஎக்ஸ் 201'. ஆக, பதிவானது மான்மவுத்ஷைர் மாவட்டத்தில். ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சார்லஸ் ரோல்ஸின் குடும்பம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. காரின் முன்பகுதியில் ஒரு பெயர்த் தகடு. அதில் 'சில்வர் கோஸ்ட்', அதாவது 'வெள்ளிப் பேய்' என்று எழுதியிருக்கிறது. வெள்ளி நிறப் பெயிண்ட், வெள்ளி முலாம் பூசிய விளக்குகள், சத்தமே இல்லாத ஓட்டம். பெயர் பொருத்தம்தானே?

1907இல் இந்தக் காரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். லண்டனுக்கும் கிளாஸ்கோ நகருக்கும் இடையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 629 மைல் போனபோது பெட்ரோல் குழாயின் அடைப்பான் அதிர்ச்சியில் தானாகவே மூடிக்கொள்ள, கார் ஒருமுறை நின்றது. அதன் பிறகு 14,371 மைல் தூரம் பழுதாகி நிற்கவே இல்லை! நம் கணக்கில் 23,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் கால மண் சாலையில்!

சரி, பாடி கட்டியது யார்? வடிவத்தைப் பாருங்கள். திறந்த கார். பின் இருக்கைகள் பெரிய சாய்வு நாற்காலிகளைச் சேர்த்து வைத்தது போல, பூ விரிந்தாற்போல் வளைந்து நிற்கின்றன. இந்த வடிவத்துக்கு 'பெல்ஜியம் நாட்டு அரசர்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் உண்டு. பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டுக்காகப் பாரிஸில் ரோத்ஷீல்டு என்ற நிறுவனம் கட்டிய பாடியிலிருந்து வந்த பெயர் அது.

"அப்படியானால் இதைக் கட்டியதும் ரோத்ஷீல்டுதான்!" என்று யாராவது கையைத் தூக்கினீர்களா? அவசரப்படாதீர்கள். ஒரு நல்ல வடிவம் வந்துவிட்டால் எல்லாரும் அதே போலச் செய்யத் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டு அக்கா போட்ட கோலத்தைப் பார்த்துத் தெருவே போடுவதில்லையா? இந்த வடிவத்தைப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் கட்டின. வடிவத்தின் பெயர் வேறு. கட்டியவரின் பெயர் வேறு.

கம்பெனியின் பதிவு என்ன சொல்கிறது? சேசிஸ் எண் 60551. பாடி கட்டியது லண்டன் பார்க்கர் நிறுவனம். வழக்கு முடிந்தது!

வட்டக் கதவு வைத்த கார்

அடுத்த வழக்கு கொஞ்சம் கடினமானது. 1925இல் செய்த ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் 'ஃபாண்டம்' சேசிஸ். அதற்கு முதலில் ஹூப்பர் நிறுவனம், கூரையை மடக்கக்கூடிய பாடியைக் கட்டியது. இந்தியாவில், இன்றைய உத்தரப்பிரதேசத்தில் உள்ள நான்பாராவின் ராஜா அந்தக் காருக்குச் சொந்தக்காரராக இருந்தார்.

பிறகு அதே கார் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. பெல்ஜியத்தில் ரூசெலாரே என்ற ஊர். அங்கே யோங்கீர் என்ற நிறுவனம். 1934 வாக்கில் அவர்கள் ஹூப்பர் கட்டிய பாடியை எடுத்துவிட்டு, முற்றிலும் புதிய பாடியைக் கட்டினார்கள். எப்படிப்பட்ட பாடி! கதவுகள் முழு வட்டம். அரச மரத்தடி மேடை போல அகலமான முன்பகுதி. நிமிர்ந்து நிற்க வேண்டிய ரேடியேட்டர் பின்னால் சாய்ந்திருக்கிறது. வாலில் மீனுக்கு இருப்பது போல ஒரு துடுப்பு!

இந்தக் காருக்கு ஹூப்பர் பாடி இருந்தபோது எடுத்த போட்டோவையும், வட்டக் கதவு வந்த பின் எடுத்த போட்டோவையும் உங்களிடம் கொடுத்தால், இரண்டும் ஒரே கார் என்று சொல்லுவீர்களா? யாராலும் சொல்ல முடியாது. எலும்பு ஒன்று, உடம்பு இரண்டு. ஆகவே, 'இந்தக் காருக்குப் பாடி கட்டியது யார்?' என்று கேட்பதைவிட, 'இந்தப் போட்டோ எடுத்த நாளில் இருந்த பாடியைக் கட்டியது யார்?' என்று கேட்பதே சரி.

இந்தக் கார் இப்போது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. வருகிறவர்கள் எல்லாரும் வட்டக் கதவைப் பார்த்து வியக்கிறார்கள். ஆனால் அந்தக் கதவை முதலில் தாளில் வரைந்தவர் யார்? யோங்கீர் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் தீ விபத்தில் அழிந்துவிட்டன. வரைந்தவரின் பெயரும் அதோடு போய்விட்டது. ஒரு பதிவேடு எரிந்தால் காகிதம் மட்டும் எரிவதில்லை, குழந்தைகளே. ஒருவருடைய உழைப்புக்குச் சாட்சியும் எரிந்துவிடுகிறது.

ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் போட்டோ

பாடியை மாற்ற முடியும் என்பதால் இன்னொரு தொல்லையும் வந்தது. பழைய பென்ட்லி கார்களில் வாண்டன் பிளா என்ற நிறுவனம் கட்டிய திறந்த பாடிகளுக்கு மதிப்பு அதிகம். பிரான்ஸில் நடக்கும் 'லெ மான்ஸ்' 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய பென்ட்லி கார்கள் சிலவற்றுக்கு அப்படிப்பட்ட பாடிதான். அதனால் பிற்காலத்தில் பலர், கூரை போட்ட பழைய பாடியைக் கழற்றிவிட்டு, அதே போன்ற திறந்த பாடியைப் புதிதாகக் கட்டிப் பொருத்தினார்கள்.

"இது புதிதாகக் கட்டியது" என்று சொல்லிவிட்டு வைத்துக்கொண்டால் குற்றமில்லை. சொல்லாமல் மறைத்து விற்றால்? வாங்குகிறவர் ஏமாந்துபோவார். அப்போது கைகொடுப்பது பழைய போட்டோதான். அதே நம்பர் பிளேட், ஆனால் வேறு பாடி என்று அது காட்டிக் கொடுத்துவிடும். நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த ஒரு போட்டோ இன்று நேர்மையான சாட்சியாக வந்து நிற்கிறது, பாருங்கள்!

நம் சென்னையிலும்!

பாடி கட்டும் கலை நம் ஊருக்கும் பழையதுதான். சென்னையில் சிம்சன் நிறுவனம் 1840இல் தொடங்கியது. முதலில் குதிரை வண்டிகளைச் செய்து பெயர் பெற்றது. பிறகு மோட்டார் வண்டிகளுக்கும் பாடி கட்டியது. 1903இல் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் காரையே உருவாக்கினார். ஆகவே அந்தக் காலச் சென்னையில் எடுத்த கார் போட்டோ கிடைத்தால், "எல்லாம் சீமையிலிருந்து வந்ததுதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சேசிஸ் கப்பலில் வந்திருக்கலாம். பாடி இங்கேயே, நம் தச்சர்களின் கையால் உருவாகியிருக்கலாம்.

பிற்காலத்தில் சேசிஸையும் பாடியையும் ஒன்றாகவே தொழிற்சாலையில் செய்யும் முறை பரவியது. 1965இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் 'சில்வர் ஷாடோ' காருக்குத் தனி சேசிஸே கிடையாது. தனியாகக் கழற்றி மாட்ட பாடி இல்லை என்றால் பாடி கட்டுகிறவருக்கு என்ன வேலை? பெரும்பாலான கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின.

உங்கள் வீட்டு ஆல்பத்தில்...

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். கல்யாண ஊர்வலத்திலோ, கோயில் வாசலிலோ ஒரு பழைய கார், பஸ், குதிரை வண்டி ஏதாவது இருக்கும். அது கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள்:

* போட்டோவின் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். நடுவில் விரல் படக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

* பூதக்கண்ணாடியால் மெல்ல மெல்லப் பாருங்கள். பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். நினைத்ததை வேறொரு தாளில் எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

* தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். யாருடைய வண்டி, எந்த ஊர், எந்த ஆண்டு, ஓட்டியவர் யார் என்று கேட்டு எழுதுங்கள்.

* அந்தத் தாளைப் போட்டோவோடு சேர்த்து ஓர் உறையில் வையுங்கள். போட்டோவின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுத வேண்டாம்.

சொல்லுங்கள் பார்க்கலாம்!

1. ஒரு போட்டோவின் பின்னால் '1905' என்று எழுதியிருக்கிறது. காரின் முன் சக்கரங்களில் பெரிய பிரேக் டிரம் தெரிகிறது. தேதியை நம்பலாமா?

2. ரேடியேட்டர் மேல் நாரை பொம்மை. "பாடி கட்டியதும் ஹிஸ்பானோ-சூய்சாதான்" என்கிறான் உங்கள் நண்பன். சரியா?

3. வட்டக் கதவு காரின் சேசிஸ் 1925ஆம் ஆண்டுக்கு உரியது. அப்படியானால் வட்டக் கதவும் 1925இல் செய்ததா?

விடைகள்: 1. சந்தேகப்பட வேண்டும். முன் சக்கர பிரேக் பரவலானது 1920களில்தான். பின்னால் எழுதியவர் தவறாக எழுதியிருக்கலாம். 2. தவறு. நாரை சொல்வது சேசிஸைப் பற்றி மட்டும். 3. இல்லை. அந்தப் பாடி 1934 வாக்கில் கட்டியது.

மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்! இனிமேல் அழகான ஒரு பொருளைப் பார்த்தால், "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன், "இதைச் செய்தது யார்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் மறக்காமல் எழுதி வையுங்கள்.